முடிதிருத்தும் தொழிலில் கட்டணத் தகராறு: தவிர்க்கும் முறையும் தீர்க்கும் முறையும்

உழைப்புக்கு ஊதியம் உண்டு என்பது தோட்டத்து மக்கள் அனைவரும் அறிந்த உண்மையாகும். மரம் சீவிச் சேர்த்த பாலை நிறுக்கும்போது, எடை சரியாகப் பதியப்படுகின்றதா என்று கிராணியாரின் ஏட்டை எட்டிப் பார்க்காத தொழிலாளி அரிது. செம்பனைக் குலைகளை எண்ணும்போதும் அவ்வாறே. எண்ணிக்கை அன்றன்றே ஏட்டில் ஏறிவிட்டால், மாதக் கடைசியில் சச்சரவுக்கு இடம் இராது. 1954 ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் அமைந்த பிறகு, கூலி விகிதங்கள் எழுத்து மூலமான ஒப்பந்தங்களாக உருவெடுத்ததும் இந்த நோக்கத்திற்காகவே.

தோட்டங்களில் பிறந்து வளர்ந்த இளைஞரும் பெண்டிரும் பலர் இன்று அருகிலுள்ள பட்டணங்களில் முடிதிருத்தும் நிலையங்களையும் சிகை அலங்கார நிலையங்களையும் நடத்தி வருகின்றனர். சேமித்த பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் இட்டுத் தொடங்கிய தொழில் அது. கத்தரி பிடிக்கக் கற்றுக்கொண்ட அவர்களுள் சிலர், கட்டணத்தைப் பேசக் கற்றுக்கொள்ளவில்லை. அதனால் வேலை முடிந்த பின்னர் வாக்குவாதம் எழுகின்றது. வாடிக்கையாளர் மனக்கசப்புடன் வெளியேறுகின்றார். சிறிய ஊரில் அச்செய்தி ஒரே நாளில் பரவிவிடுகின்றது. இத்தகைய தகராற்றைத் தவிர்ப்பது எவ்வாறு, எழுந்துவிட்டால் தீர்ப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

பழைய வழக்கமும் புதிய தொழிலும்

முன்னாளில் லயத்து மக்களுக்கு முடிதிருத்தியவர், வீட்டு முற்றத்திலோ மரத்தடியிலோ அமர்ந்து வேலை செய்வார். கட்டணம் இன்னதென்று பேசுவது குறைவு. சம்பள நாளில் கொடுப்பதைக் கொடுப்பார்கள்; அவரும் வாங்கிக்கொள்வார். அந்த வழக்கத்தின் பின்னால், முடிதிருத்துபவரைத் தமக்குக் கடமைப்பட்டவராகக் கருதும் பழைய சாதி மனப்பான்மையும் மறைந்திருந்தது. அவர் பெற்றது கூலியா, நன்கொடையா என்பது எவருக்கும் தெளிவாக இல்லை.

இன்று நிலைமை வேறு. கடை வாடகை, மின்கட்டணம், மருந்துகளின் விலை, ஊழியரின் சம்பளம் ஆகிய அனைத்தையும் கணக்கிட்டே கட்டணம் அமைகின்றது. முடிதிருத்துதல் தேசியத் திறன் சான்றிதழ் பெற்றுச் செய்யத்தக்க தொழிலாகவும் வளர்ந்துள்ளது. ஆயினும் பழைய மனப்பான்மையின் எச்சம் இரு பக்கத்திலும் இருக்கின்றது. “நம்ம தம்பிதானே, குறைத்துக்கொள்வான்” என்று வாடிக்கையாளர் எண்ணுகின்றார். “கேட்டால் தவறாக நினைப்பாரோ” என்று தொழிலர் கூச்சப்படுகின்றார். கூலி கேட்பது எவ்வகையிலும் இழிவன்று. வேலையைத் தொடங்கும் முன்னர் அதைச் சொல்லாமல் விடுவதே குறையாகும். இப்பாடத்தின் அடிப்படைக் கருத்து இதுவே.

தகராறு எழும் நான்கு இடங்கள்

கட்டணத் தகராறுகளை உற்று நோக்கினால், அவை பெரும்பாலும் நான்கு வகையுள் அடங்கும்.

1. விலை தெரியாமை. பலகையில் “ரீபோண்டிங் 150 வெள்ளி முதல்” என்று எழுதப்பட்டிருக்கின்றது. வாடிக்கையாளரின் கண்ணில் 150 என்ற எண் மட்டும் படுகின்றது. “முதல்” என்ற சொல் படுவதில்லை. இடுப்பளவு நீண்ட கூந்தலுக்கு 280 வெள்ளி கேட்கும்போது அவர் திகைத்துப் போகின்றார்.

2. கேட்காத வேலை. தலை கழுவுதல், எண்ணெய்ச் சிகிச்சை முதலியவற்றைத் தொழிலர் தாமாகவே சேர்த்துச் செய்துவிட்டு, இறுதியில் அவற்றுக்கும் கட்டணம் கேட்கின்றார்.

3. வேலையில் குறை. முடி அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டது, சாயம் சமமாகப் பிடிக்கவில்லை, முடி முறிந்து போயிற்று என்பன போன்ற புகார்கள்.

4. எதிர்பார்ப்பில் வேறுபாடு. வேலை செம்மையாக முடிந்திருக்கும். ஆனால் வாடிக்கையாளர் மனத்தில் வரைந்துகொண்டு வந்த உருவம் வேறாக இருந்திருக்கும்.

இந்நான்கிற்கும் மருந்து ஒன்றன்று. முதல் இரண்டும் பேச்சில் நேர்ந்த குறைகள். மூன்றாவது கைத்திறனில் நேர்ந்த குறை. நான்காவது, இருவரும் ஒரே பொருளைப் பற்றித்தான் பேசுகிறோமா என்று உறுதி செய்யாமையால் வந்தது. எவ்வகைத் தகராறு என்று அறியாமல் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதும், கொடுக்க மறுப்பதும் குருட்டு வைத்தியமாகவே முடியும்.

வேலையைத் தொடங்கும் முன்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர். நாற்காலியில் அமர்ந்தவரின் கழுத்தில் துணியைக் கட்டும் முன்னரே அணையைப் போட்டுவிடுதல் நலம்.

முதலாவதாக, விலைப்பலகை வாசலில் நுழைபவரின் கண்ணில் படும்படி இருத்தல் வேண்டும். “முதல்” என்று மட்டும் எழுதாமல், முடி தோள் வரை இருந்தால் இவ்வளவு, முதுகு வரை இருந்தால் இவ்வளவு, இடுப்பு வரை இருந்தால் இவ்வளவு என்று பிரித்து எழுதுக. தமிழிலும் மலாய் மொழியிலும் எழுதினால் அனைவருக்கும் விளங்கும்.

இரண்டாவதாக, முடியின் வரலாற்றைக் கேட்டறிக. கடந்த ஓராண்டில் சாயம் பூசியதுண்டா? மருதாணி இட்டதுண்டா? வெளிறச் செய்ததுண்டா? இவ்வினாக்கள் கட்டணத்தோடு நேரடித் தொடர்புடையவை. சாயம் பூசிய கருமுடியை மற்றொரு சாயத்தால் இளநிறமாக்க இயலாது. முதலில் நிறத்தை அகற்றுதல் வேண்டும். அதற்குச் சில வேளைகளில் பல அமர்வுகள் தேவைப்படும். இதை முன்னரே சொல்லாதவர், ஓர் அமர்வின் கட்டணத்திற்கு மூன்று அமர்வுகளின் வேலையைச் செய்ய நேரும். அன்றேல் பாதியில் நிறுத்திப் பழியேற்க நேரும்.

ரீபோண்டிங்கும் அத்தகையதே. முடியினுள் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை முதல் மருந்து தளர்த்துகின்றது. முடியை நேராக்கிய பின், இரண்டாம் மருந்து அப்பிணைப்புகளை மீண்டும் இறுக்குகின்றது. முன்னரே வெளிறச் செய்த முடி இந்த மருந்தைத் தாங்காமல் முறிந்து போகக்கூடும். ஆதலால் ஓர் இழையில் மட்டும் மருந்தை இட்டுச் சோதித்தல் அறிவுடைமை. சோதனையில் முடி தாங்காது என்று தெரிந்தால், அவ்வேலையை மறுத்துவிடுதல் சிறந்தது. 280 வெள்ளியை இழப்பது, ஒருவரின் கூந்தலையும் கடையின் பெயரையும் இழப்பதைவிட இலேசானது.

தலைச்சாயம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு இட்டு, 48 மணி நேரம் கவனித்தல் வேண்டும் என்பது இத்தொழிலில் நிலைபெற்ற விதியாகும். வாடிக்கையாளர் அவசரப்பட்டாலும் இவ்விதியைத் தளர்த்தலாகாது.

மூன்றாவதாக, மொத்தத் தொகையைச் சொல்லி, ஒப்புதல் பெற்று, எழுதிவிடுக. சிறிய வெட்டு வேலைக்கு வாய்ச்சொல்லே போதும். மருந்து வேலைகளுக்கு ஒரு சிறு சீட்டு வேண்டும். அதில் தேதி, வேலையின் பெயர், தொகை, சோதனையின் முடிவு, வாடிக்கையாளரின் கையொப்பம் ஆகிய ஐந்தும் இருந்தால் போதுமானது. உரையாடல் இவ்வாறு அமையலாம்:

“அக்கா, உங்கள் முடி இடுப்பு வரை இருக்கின்றது. ரீபோண்டிங்கிற்கு 280 வெள்ளி ஆகும். தலை கழுவுவதும் வெட்டிச் சமன்படுத்துவதும் அதில் அடக்கம். வேறு கட்டணம் இல்லை. தொடங்கலாமா?”

“பலகையில் 150 என்று போட்டிருக்கிறதே, தம்பி?”

“அது கழுத்தளவு முடிக்கு, அக்கா. உங்கள் முடிக்கு ஏறக்குறைய இரண்டு பங்கு மருந்து தேவைப்படும். அதிகம் என்று தோன்றினால் இன்று வெட்டி மட்டும் விடலாம். யோசித்துவிட்டு மற்றொரு நாள் வாருங்கள்.”

இவ்வுரையாடலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இது நடைபெறாத கடையில் பின்னர் அரைமணி நேரம் வாக்குவாதம் நடைபெறும். அந்த அக்காள் எழுந்து சென்றுவிட்டாலும் கடைக்கு நட்டமில்லை. நேர்மையாகச் சொன்னவன் என்ற எண்ணத்துடன்தான் அவர் செல்வார்.

வேலைக்கு இடையே ஒரு சேர்க்கை தேவைப்பட்டால், கையை நிறுத்திக் கேட்டு, விலையைச் சொல்லி, சரி என்ற பின்னரே தொடர்தல் வேண்டும். கேட்காமல் செய்த வேலைக்குக் கட்டணம் கேட்பது முறையன்று. வேலை முடிந்தபின் கடைப்பிடிக்க வேண்டிய குறிப்புகளையும் சீட்டின் பின்புறத்தில் எழுதித் தருக. ரீபோண்டிங் செய்தபின் இரண்டு மூன்று நாள் முடியை நனைக்க வேண்டாம் என்று மருந்து தயாரிப்பாளர் குறிப்பிட்டிருந்து, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டால், மறுநாள் நனைத்து அலையோடிய முடிக்குப் பொறுப்பாளி யார் என்ற வழக்கு முடிவின்றி நீளும்.

தகராறு எழுந்துவிட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும், எப்போதேனும் ஒருவர் குறை கூறவே செய்வார். அப்போது பின்பற்ற வேண்டிய படிகள் பின்வருமாறு.

முதற்படி: மற்ற வாடிக்கையாளர்களின் முன்னிலையில் வழக்காடாமல், ஒரு பக்கமாக அழைத்து அமரச் செய்க. பலர் பார்க்க வாதிடும்போது இருவருமே இறங்கிவர இயலாமற் போகின்றது.

இரண்டாம் படி: அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கிடாமல் கேட்க. கேட்டபின், “முன்பக்கம் நீங்கள் சொன்னதைவிடக் குறைவாக வெட்டப்பட்டுவிட்டது என்கிறீர்கள், அதுதானே, அம்மா?” என்று அவர் கூறியதைத் திருப்பிச் சொல்க. தம் குறை புரிந்துகொள்ளப்பட்டது என்று தெரிந்த அளவிலேயே பாதிக் கோபம் தணிந்துவிடும்.

மூன்றாம் படி: முன்னர்க் கூறிய நான்கனுள் இது எவ்வகை என்று தீர்மானிக்க. விலை தெரியாமை என்றால், எழுதிய சீட்டைக் காட்டுக. சீட்டு இல்லையெனில், பலகையில் உள்ள விலைக்கு இறங்கி வருவதே நியாயம். சொல்லாத குறை கடையினுடையது. கேட்காத வேலை என்றால், அதற்குரிய தொகையை நீக்கிவிடுக. வேலையில் குறை என்றால், திருத்தக்கூடியதா அன்றா என்று காண்க. சாயம் சமமாகப் பிடிக்காததைத் திருத்திவிடலாம்; அதைக் கட்டணமின்றிச் செய்தல் கடமை. அளவுக்கு மீறி வெட்டப்பட்ட முடியைத் திருத்த இயலாது. முடி மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளரும். அங்கே கட்டணத்தைக் குறைப்பதோ விடுவதோதான் வழி. வேலை செம்மையாக இருந்து எதிர்பார்ப்பு மட்டும் வேறுபட்டிருந்தால், பேசிய கட்டணத்தைக் கேட்கத் தொழிலருக்கு முழு உரிமை உண்டு. ஆயினும் சிறு மாற்றம் ஒன்றைச் செய்து தர முன்வருவது நல்லெண்ணத்தை வளர்க்கும்.

நான்காம் படி: எட்டிய முடிவை எழுதி, இருவரும் கையொப்பமிடுக. பணம் திருப்பித் தரப்பட்டால் அதையும் எழுதுக.

பணம் செலுத்தும் முறையிலும் விழிப்பு வேண்டும். கியூ.ஆர். குறியீட்டின் வழி செலுத்துபவர் தம் கைப்பேசித் திரையைக் காட்டுவது மட்டும் போதாது. கடையின் சொந்தக் கணக்கில் பணம் வந்துவிட்டதா என்று அங்கேயே சரிபார்த்து நன்றி கூறுக. பணப்பையை மறந்து வந்தவரிடம் கடுஞ்சொல் கூறாமல், தொகையையும் திருப்பித் தரும் நாளையும் எழுதி வாங்கிக்கொள்ளலாம். திருமண ஒப்பனை போன்ற பெரிய வேலைகளுக்கு முன்பணம் வாங்கினால், வராமற்போனால் அப்பணம் என்னவாகும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே குறிப்பிடுக.

சட்டம் கூறுவது

பேச்சில் தீராதது சட்டத்தின் வாயிலுக்குச் செல்லும். ஆதலின் அது கூறுவதை இரு சாராரும் அறிந்திருத்தல் நன்று.

1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் உரியது. சேவை தக்க கவனத்துடனும் திறனுடனும் செய்யப்படும் என்னும் உத்தரவாதத்தை அதன் 53 ஆம் பிரிவு அளிக்கின்றது. விலை முன்னரே பேசப்படவில்லையெனில், நியாயமான விலைக்கு மேல் கொடுக்கப் பயனீட்டாளர் கடமைப்பட்டவரல்லர் என்பது 56 ஆம் பிரிவு. விலையைப் பேசி முடித்த தொழிலருக்குப் பாதுகாப்பு மிகுதி என்பது இதனால் விளங்கும். குறை திருத்தக்கூடியதாயின், அதை நியாயமான காலத்திற்குள் திருத்தித் தருமாறு பயனீட்டாளர் கேட்கலாம். திருத்த இயலாததாயின், ஒப்பந்தத்தை நீக்கிக்கொள்ளவோ இழப்பீடு பெறவோ அவருக்கு உரிமை உண்டு. மேலே மூன்றாம் படியில் கூறிய முறை இச்சட்டத்தின் போக்கையே தழுவியது.

“செலுத்திய பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்று சில கடைகளில் எழுதி வைத்திருக்கின்றனர். சட்டம் அளித்த உரிமையை இத்தகைய அறிவிப்பினால் பறித்துவிட இயலாது. இச்சட்டத்தை விலக்கி ஒப்பந்தம் செய்தல் செல்லாது என்று 6 ஆம் பிரிவு கூறுகின்றது.

பயனீட்டாளர் தம் கோரிக்கையைப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவு செய்யலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளியே. வழக்கறிஞர் தேவையில்லை. கோரிக்கை எழுந்த 3 ஆண்டுகளுக்குள் பதிவு செய்தல் வேண்டும். மன்றம் விசாரிக்கக்கூடிய தொகையின் உச்ச வரம்பு 2019 ஆம் ஆண்டின் திருத்தத்தினால் 25,000 வெள்ளியிலிருந்து 50,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மன்றத்திலிருந்து கடிதம் வந்தால் கடைக்காரர் அஞ்சி ஒதுக்கி வைக்கலாகாது. தம் மறுமொழியை உரிய படிவத்தில், உரிய காலத்திற்குள் அனுப்ப வேண்டும். கையொப்பமிட்ட சீட்டும் படங்களும் அப்போது அவருக்காகப் பேசும்.

இந்த மன்றம் பயனீட்டாளருக்காக அமைந்தது. கூலி கிடைக்காத தொழிலர் அங்கே முதலில் கோரிக்கை தொடுக்க இயலாது. அவருக்குரிய இடம் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறையாகும். 2012 ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின்படி, 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைத் தனிமனிதர் ஒருவர் வழக்கறிஞரின்றி அங்கே தொடுக்கலாம். முப்பது வெள்ளிக்காக நீதிமன்றப் படியேற வேண்டுமா என்பது வேறு. உரிமை உண்டு என்று அறிந்திருத்தல் மனத்திற்கு உறுதி தரும்.

செய்யத் தகாதவை

கட்டணம் தராதவரைக் கடையை விட்டு வெளியேறவிடாமல் கதவை அடைப்பது பெருந்தவறு. ஒருவரை முறைகேடாகத் தடுத்தலும் அடைத்து வைத்தலும் தண்டனைச் சட்டத்தின் 341, 342 ஆம் பிரிவுகளின்கீழ்த் தண்டிக்கத்தக்க குற்றங்களாகும். முப்பது வெள்ளிக்கு நியாயம் கேட்கச் சென்றவர் குற்றவாளியாகத் திரும்ப நேரிடும். கைப்பேசியையோ அடையாள அட்டையையோ பிடுங்கி வைத்தலும் ஆகாது. வாடிக்கையாளரின் படத்தைச் சமூக ஊடகத்தில் இட்டு இழிவுபடுத்துவது புதிய வழக்கொன்றைத் தேடித் தரும்.

கடை உரிமையாளருக்கு இன்னொன்றும் கூற வேண்டியுள்ளது. வாடிக்கையாளருக்குத் திருப்பித் தந்த பணத்தை ஊழியரின் சம்பளத்தில் தம் விருப்பம்போல் பிடித்துக்கொள்ளலாகாது. சம்பளத்திலிருந்து எவற்றைப் பிடிக்கலாம் என்பதை 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு வரையறுத்துள்ளது. தம் ஊழியரின் கூலியைக் காக்காதவர், தம் கூலியை மதிக்குமாறு பிறரைக் கேட்பது பொருந்தாது.

வாடிக்கையாளரின் கடமை

உரிமை ஒரு பக்கத்திற்கு மட்டும் உரியதன்று. விலையைக் கேட்டபின் அமர்க. முன்னர் இட்ட சாயத்தையும் மருதாணியையும் மறைக்காமல் சொல்க. விரும்பும் வடிவத்தின் படத்தைக் காட்டுக. வேலை நடக்கும்போதே ஐயம் தோன்றினால் அப்போதே கூறுக. எல்லாம் முடிந்து பணம் கொடுக்கும் வேளையில் கூறுவது முறையன்று. உறவையும் ஊரையும் காட்டிக் கூலியைக் குறைக்குமாறு வற்புறுத்தாதீர்கள். நம் பிள்ளை என்று அன்பு கொண்டால், அப்பிள்ளையின் கடை நிலைத்து நிற்க உரிய கட்டணத்தைக் கொடுப்பதே அந்த அன்புக்கு அழகு.

மரத்தடியில் அமர்ந்து, கொடுப்பதை வாங்கிக்கொண்டு சென்ற அந்த நாள் போய்விட்டது. சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் பந்திங்கிலும் கூலிமிலும் நம் பிள்ளைகள் தம் பெயரில் கடை திறந்து நிற்கின்றனர். பால் நிறுவையில் நாம் காட்டிய கண்டிப்பை அவர்கள் தம் விலைப்பலகையில் காட்டட்டும். அதை மதிக்க நாமும் கற்றுக்கொள்வோம்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. கட்டணத் தகராறு எழும் நான்கு இடங்கள் யாவை? உங்கள் ஊரில் மிகுதியாகக் காணப்படுவது எது?

2. ஒருவர் தலைமுடிக்குச் சாயம் பூசக் கேட்டார். தொழிலர் கேட்காமலே எண்ணெய்ச் சிகிச்சையும் செய்து 40 வெள்ளி கூடுதலாகக் கேட்டார். இதற்குத் தீர்வு கூறுக.

3. தன் முடி முன்னரே வெளிறச் செய்யப்பட்டது என்பதை மறைத்த ஒருவர், ரீபோண்டிங்கிற்குப் பின் முடி முறிந்தது என்று பணத்தைத் திருப்பிக் கேட்கின்றார். கடையில் இழைச் சோதனை செய்யப்படவில்லை. இருவரின் குறைகளையும் தனித்தனியே எழுதுக.

4. மருந்து வேலைக்குரிய சீட்டில் இடம்பெற வேண்டிய ஐந்து குறிப்புகளைக் கொண்டு, மாதிரிச் சீட்டு ஒன்றைத் தமிழிலும் மலாய் மொழியிலும் தயாரிக்க.